பத்து லிட்டர் காற்று

"சூடுன்றது எங்கனா போயே தீரும்டா, நீ இன்னா மூடினாலும் நிக்காது, அது போற எடம்..." என்று பெரியப்பா ஆரம்பிப்பார். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்தவர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கொஞ்சம் குடித்த பிறகு, எங்கள் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொல்வார். அது போகிற இடம் என்ன ஆகும் என்றோ, அதை யார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றோ அந்த வாக்கியத்துக்கு ஒரு பின்பாதி இருந்தது. எனக்கு அது ஞாபகத்தில் இல்லை. இருபத்திரண்டு வருஷம் வேறு பாஷையில் வேலை பார்த்து, வேறு பாஷையில் சண்டை போட்டு, வேறு பாஷையில் விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டுத் திரும்பி வந்தவனுக்கு, ஊர்ப் பேச்சில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் முன்பாதிகள்தான்.

அப்பாவுக்கு முடியவில்லை என்று இரண்டு மாதத்துக்குக் கனடாவிலிருந்து வந்தவன், அப்பா போன பிறகும் வேலூரிலேயே, பாலாறு நகர் குடியிருப்பில் அவருடைய இரண்டாம் மாடி வீட்டிலேயே, போகிறேன் என்றும் சொல்லாமல் இருக்கிறேன் என்றும் சொல்லாமல் இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டிமுடித்ததுபோல, சுவரில் வெயில் விழுவது முதல் தரையில் பூந்தொட்டியின் நிழல் சாய்வது வரை படமாக வரைந்து கொடுப்பது என் தொழில். அதற்கு வைத்திருந்த மடிக்கணினி பிப்ரவரியில் ஒரேயடியாக அணைந்துபோனது. வலுவான கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும், ஆனால் அது சின்னதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மேஜை சின்னது என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், விமானத்தில் கையில் தூக்கிக்கொண்டு ஏற முடியாத எந்தப் பொருளையும் அந்த வீட்டில் நான் வாங்கியதில்லை.

பஜார் பக்கம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, குறுகலான படி ஏறினால் அஃப்சர் பாய் கடை. அவருக்கு ஒரு பழக்கம். எந்தப் பொருளையும் உடனே எடுத்துக் காட்ட மாட்டார். போர்டு, பவர் சப்ளை, ஃபேன், கார்டு எல்லாவற்றையும் அதே நீளம், அதே அகலம், அதே கனத்துக்குப் பழைய பிஸ்கட் பெட்டி அட்டையில் வெட்டி ஒட்டி வைத்திருப்பார். வாங்க வந்தவர் அந்த அட்டைகளைக் காலிக் கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் தானே அடுக்கிப் பார்க்க வேண்டும்.

"மொதல்ல அட்டையில குடித்தனம் பண்ணிப் பாத்துருங்கோ சார்," என்றார். "பொருள வாங்கினு போயிட்டு மூணு மில்லிமீட்டர் இடிக்குதுன்னு திருப்பி எடுத்தாந்தா எனக்கு மனசு கேக்காது."

பத்து லிட்டர் கொள்ளளவுள்ள கேபினட் அது. ஒரு தண்ணீர்க் குடத்துக்கும் குறைச்சல். உள்ளங்கை அகலப் போர்டும், டிபன் டப்பா அளவில் எழுநூற்றைம்பது வாட் பவர் சப்ளையும், கட்டைவிரல் உயரத்துக்குப் புராசஸர் கூலரும் உட்கார்ந்துவிட்டன. படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டில்தான் தகராறு. பெரிய கார்டின் அட்டை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, செங்கல் கனத்துக்கு இருந்தது. பாய் இன்னொரு அட்டையை எடுத்தார். சீட்டுக்கட்டை விரித்து வைத்த மாதிரி மெலிசாக இருந்தது.

"இது எழுபது வாட்டு சார். தனி ஒயரு கூடக் கேக்காது. சத்தமே வராது. தங்கமான புள்ள."

"வேகம்?"

"மெதுவாப் போவும்."

"பெரிசே போடுங்க பாய். உள்ளே போகுது, பாருங்க."

"போவுது. ரெண்டு மில்லிமீட்டர் கேப்புல போவுது. அப்புறம் சூடு எங்க போவும்?" அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "ஃபுல் லோடுல நானூத்தம்பது வாட்டு வருது. ஒரு ஆளு ஒண்ணுமே செய்யாம சும்மா ஒக்காந்துனு இருந்தாலே நூறு வாட்டு சூடு வுடறான், தெரியுமா உங்களுக்கு? ஆஸ்பத்திரிக்கு ஏசி மாட்டறப்போ இஞ்சினியரு சொன்னாரு. ரூமுக்குள்ள எத்தினி பேரு ஒக்காருவாங்கன்னு கேட்டுனுதான் ஏசி கணக்கே போடுவாங்கோ. உங்க பொட்டி நாலரை ஆளு சார். வீட்ல எத்தினி பேரு?"

"நான் மட்டும்தான்."

"அப்போ இனிமே அஞ்சரை," என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி டீ சொன்னார்.

மறுநாள் அவரே வீட்டுக்கு வந்து பூட்டிக் கொடுத்தார். அந்த வீட்டுக்கு அப்பாவின் காரியத்துக்குப் பிறகு வந்த முதல் ஆள் அவர்தான். கதவு திறந்திருப்பதைப் பார்த்து, கீழ்வீட்டுத் தணிகாசலம் ஏறி வந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்று, எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பவர். திறந்த கதவு எதையும் விசாரிக்காமல் விட மாட்டார். மேஜையைத் தென்மேற்கில் போட்டிருந்தேன். அது ஆகவே ஆகாது, காற்று சம்பந்தப்பட்ட பொருள் வடமேற்கில், வாயு மூலையில்தான் இருக்கணும் என்று அவரும் பாயுமாக மேஜையைத் தூக்கி அங்கே போட்டார்கள்.

எல்லாம் பூட்டியதும் பாய் சட்டைப்பையிலிருந்து ஊதுபத்தியை எடுத்தார். காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்பதைப் புகையை வைத்துத்தான் அவர் சரிபார்ப்பார். பொத்தானை அழுத்தி, கேபினட்டின் இடப்பக்க வலைக்கு நேரே பத்தியைப் பிடித்தார். புகை நூலாக வளைந்து உள்ளே போனது. மூன்று பேரும் பின்பக்கம் போய் நின்றோம். புகை வரவில்லை. பாய் இரண்டாவது பத்தியையும் கொளுத்தினார். அந்தப் புகையும் உள்ளே போனது. பின்னாலிருந்து காற்று மட்டும் வந்தது, மாசியின் வெயிலில் காய்ந்திருந்த அந்த அறைக்குள், தண்ணீர்ப் பானையைத் தொட்ட கையைப்போல் ஜில்லென்று வந்தது.

"பாய், புகை எங்கே?"

"உள்ள போச்சு."

"வெளியே வரலையே?"

பாய் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தார். "வரல சார். ஆனா ஃபேனு சரியாத்தான் சுத்துது. போன புகை திரும்பி வரணும்னு வாரண்டியில எங்கயும் போடல."

"வாயு மூலை," என்றார் தணிகாசலம். "நான் சொன்னேனா இல்லையா?"

அவ்வளவுதான். பாய் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார், தணிகாசலம் தண்ணீர் மோட்டார் போடக் கீழே இறங்கினார், நான் கதவைச் சாத்தினேன்.

முதல் சில வாரங்களில் பெரிய வேலை எதுவும் வரவில்லை. கடிதம் படிப்பேன், பாட்டுக் கேட்பேன், பழைய படங்களைத் திருத்துவேன்; பெட்டி தன் பாட்டுக்கு லேசாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அந்த மூச்சில் வாசனைகள் வந்தன. கருகின ரொட்டி. ஈரக் கம்பளி. யூகலிப்டஸ் தைலம். வேலூரில் எங்கள் தெருவில் யாரும் ரொட்டியை அந்த அளவுக்குக் கருக விட மாட்டார்கள், கம்பளி நனைய இங்கே மழையும் இல்லை. நான் பின்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் காலை, காற்று வெளியேறும் கம்பியில் ஒரு நீளமான முடி சிக்கிக்கொண்டு ஆடியது. முக்கால்வாசி கறுப்பு, நுனியில் ஒரு சாண் நீலம்.

என் மகள் நித்திலா முடி நுனியில் நீலச் சாயம் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை அவள் அம்மா மாலதி அனுப்பிய ஒரு புகைப்படத்தில் பார்த்திருந்தேன். கனடாவின் எட்மன்டனில் படிக்கிறாள்; யாரோ ஒருவர் வீட்டின் தரைக்குக் கீழே, குறைந்த வாடகைக்கு, ஹீட்டர் பேருக்கு ஓடுகிற, ஒரே ஜன்னலும் வண்ணம் பூசி ஒட்டிப்போன ஒரு சின்ன அறையில் இருக்கிறாள். என்னோடு பேசிப் பதினாலு மாதம் ஆகிறது. கடைசியாகப் பேசியபோது, பரீட்சைக்கு எப்படிப் படிக்க வேண்டும், எதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே போக, அவள் நடுவில் நிறுத்தி, அரைத் தமிழில் கேட்டாள்: "அப்பா, நீ என்னிக்காவது ஒண்ணும் சொல்லாம, சும்மா, நான் இருக்கிற ரூம்ல இருந்திருக்கியா?" நான் பதிலுக்கு யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனை முடிவதற்குள் அவள் வைத்துவிட்டாள், பிறகு எடுக்கவே இல்லை.

அந்த முடியை அப்பாவின் கண்ணாடிக் கூட்டில் போட்டு வைத்தேன். புகை எங்கே போகிறது என்பதும் குளிர் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. இடப்பக்க வலையில் வாயை வைத்து, நித்தி, நித்தி என்று கூப்பிட்டுப் பார்த்தேன். பேச்சு போகவில்லை, வலையிலேயே தங்கி என் காதுக்கே திரும்பி வந்தது. போனது சூடும் வாசனையும்தான். அன்றிலிருந்து பெட்டியை அணைக்கவில்லை. சமைக்கும்போது அறைக்கதவைத் திறந்து வைத்தேன். வேப்பம்பூ ரசம் வைத்த நாளில், பாத்திரத்தையே தூக்கிவந்து வலைக்குப் பக்கத்தில் ஆறவிட்டேன்.

பங்குனி பிறந்ததும் மேல்வீட்டு ரெஜினா டீச்சர் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர், அதுவரை படியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார்.

"தம்பி, உங்க வீட்டுக் கதவோரமா நடந்தா கால் சில்லுனு இருக்கு. ஏசி போட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க டீச்சர். கம்ப்யூட்டர்."

"அப்படியா. ஃப்ரிட்ஜு ரிப்பேரு. மாவு பொங்கிப் பொங்கி வழியுது. அதும் பின்னாடி வச்சுக்கட்டுமா?"

மாவு வைத்தார். இரண்டு நாளானாலும் புளிக்கவில்லை. மூன்றாம் நாள், முதல் மாடியிலிருந்து தயிர் வந்தது. பிறகு கல்யாண வீட்டுக்காரர்கள் கூடையோடு மல்லிகை கொண்டுவந்து வைத்துப்போனார்கள், வேர்க்குரு பூத்த ஒரு கைக்குழந்தையை மேல்சட்டையில்லாமல் தூக்கிவந்து பின்பக்கம் பிடித்துக்கொண்டு ஒரு மணிநேரம் நின்றார்கள், அது தூங்கிப்போனதும் கீழே கொண்டுபோக மனமில்லாமல் என் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். யாரோ கேபினட்டுக்குச் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தார்கள், யாரோ அதன் தலையில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், அந்தப் பழம் ஒரு மாதம் வாடாமல் இருந்தது. கரண்ட் போனால் என்ன செய்வது என்று சங்கம் கூடிப் பேசி, லிப்டுக்கு வைத்திருந்த இன்வெர்ட்டரை என் வீட்டுக்கு மாற்றிவிட்டு, லிப்டில் "நடப்பது உடம்புக்கு நல்லது" என்று எழுதி ஒட்டியது. இது எப்படி நடக்கிறது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் குளிர் வருமா?

அதற்கு வழி கண்டுபிடித்தவர் தணிகாசலம். தன் பழைய வாட் மீட்டரைக் கொண்டுவந்து பிளக்கில் செருகினார். நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். மீட்டர் நூறுக்குப் பக்கத்தில் நின்றது. பழைய கட்டடப் படம் ஒன்றை ஓடவிடச் சொன்னார். கார்டு விழித்துக்கொண்டது, மீட்டர் இருநூறு, முன்னூறு, நானூறு என்று ஏறியது, பின்னாலிருந்து வந்த காற்றில் டீச்சரின் முந்தானை எழும்பியது.

"வேலை குடுத்தா குளிருது," என்றார் தணிகாசலம். "பரந்தாமன் சார், உங்களுக்கு இப்ப வேலை இருக்கா?"

"இப்போதைக்கு இல்லை."

"இல்லைன்னா உண்டாக்குங்க சார். வரைஞ்சுக்கிட்டே இருங்க. இருபத்துநாலு வீடு இருக்கு."

அதனால் யாரும் கேட்காத வீடுகளை வரைந்தேன். யாரும் குடியேறப்போகாத வீடுகள். நாற்பது ஜன்னல் வைத்த வீடுகள், உள்ளே குளம் உள்ள வீடுகள், ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போக ஒருநாள் பிடிக்கிற வீடுகள். அவற்றின் ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒவ்வொரு வெயிலும் எப்படிப் பட்டுத் திரும்பும் என்பதைப் பெட்டி இராப்பகலாகக் கணக்குப் போட்டது. மத்தியானம் பன்னிரண்டுக்கு ஜனங்கள் வர ஆரம்பிப்பார்கள். கோரைப்பாய், தலையணை, வெற்றிலைப் பெட்டி, வேர்க்கடலை. சிலர் சீட்டு ஆடுவார்கள். முதல்நாள் பதினைந்து பேர் வந்து உட்கார்ந்ததும் குளிர் தெரியவே இல்லை. ஆளுக்கு நூறு, ஆயிரத்து ஐந்நூறு வாட், நம்ம சூட்டையே பொட்டி தாங்கல என்று தணிகாசலம் கணக்குச் சொல்லி, 'ஏ' பிளாக்குக்குத் திங்கள் புதன் வெள்ளி, 'பி' பிளாக்குக்கு மற்ற நாள், ஒரு தடவைக்கு ஆறு பேர் என்று அட்டவணை எழுதி என் கதவில் ஒட்டினார். வருபவர்கள் சும்மா வருவதில்லை. கொழுக்கட்டை வந்தது, வெந்தயக் குழம்பு வந்தது, டீச்சர் கருவாட்டுத் தொக்கு கொண்டுவந்தார். "கனடாக்காரர்" என்றிருந்தவன் "பரந்தாமன் சார்" ஆனேன், பிறகு சிலருக்கு "பரந்தாமா" ஆனேன். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக என் வீட்டில் ஆறு தம்ளர்கள் ஒரே நேரத்தில் எச்சிலாகிக் கிடந்தன. அவற்றைக் கழுவும்போது நான் மெதுவாகக் கழுவுவேன்.

எங்கள் மத்தியானம் அவளுக்கு நடுராத்திரி. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், அங்கேதான் குளிர் ஆயிற்றே, சூடு போனால் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டேன். கம்பியில் வேறு முடி எதுவும் சிக்கவில்லை. தைல வாசனையும் நின்றது. ஆறு பேர் வெற்றிலைக்கு நடுவில் அதைக் கவனிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

சித்திரை இரண்டாம் வாரம், வெயில் நூற்றெட்டைத் தொட்ட ஒரு வியாழக்கிழமை, பகல் ஒன்றரை மணிக்கு, பெட்டியிலிருந்து பனி வந்தது. முதலில் டீச்சரின் கண்ணாடியில் ஒரு பொட்டு விழுந்து உருகியது. பிறகு ரவை கொட்டினதுபோல, பிறகு பஞ்சு பிரித்ததுபோல, சீட்டுக்கட்டின் மேலும் வேர்க்கடலையின் மேலும் தூங்குகிற குழந்தையின் மயிரிலும் விழுந்தது. அட்டவணையை யாரும் பார்க்கவில்லை. இருபத்துநான்கு வீட்டு ஜனமும் படியேறி வந்து, அறை கொள்ளாமல் கூடத்திலும் படிக்கட்டிலும் நின்று, வாயைத் திறந்து நாக்கை நீட்டினார்கள். ஒரு கிழவர் அதை வேட்டித் தலைப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். தணிகாசலம் ரோஸ்மில்க் எசன்சுக்கு ஆள் அனுப்பினார். "பரந்தாமா, உன் புண்ணியத்துல காஷ்மீர் பாத்தாச்சு," என்று யாரோ என் முதுகில் தட்டினார்கள்.

நான் மட்டும் சுவரோடு நின்றேன். நித்திலாவின் அறைக்குள் பனி வரவேண்டுமானால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பனி பெய்கிற ராத்திரியில், இரண்டு மணிக்கு, தூக்கத்திலிருந்து எழுந்து, வண்ணம் பூசி ஒட்டிப்போன அந்தத் தரையடி ஜன்னலைக் குத்தித் திறந்திருக்கிறாள் என்றால், அந்த அறை அதற்குள் என்ன ஆகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாலதி கூப்பிட்டாள். ஏதோ பழைய வரிக் காகிதத்தில் என் கையெழுத்து வேண்டும். அதைச் சொல்லி முடித்துவிட்டு, வைக்கப்போகிற மாதிரி இருந்து, வைக்காமல் சொன்னாள்.

"நித்தி ரூமை காலி பண்றா. மாசக் கடைசில."

"ஏன்?"

"வெக்கையாம். ஹீட்டரை அணைச்சாலும் வெக்கையாம், ராத்திரி பூரா வேர்த்து ஊத்துதாம், தூக்கமே இல்லையாம். வீட்டுக்காரர் ரெண்டு தடவை ஆள் வச்சுப் பாத்துட்டார், ஒண்ணும் பிடிபடலை."

"வாசனை ஏதாவது...?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? ஊதுபத்தி வாசனை, ரச வாசனை, இப்போ கருவாடாம். அதைப் பத்தி அவ குறையா ஒண்ணும் சொல்லலை. ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சாம். பிப்ரவரி மார்ச்சுல. ராத்திரி படிக்கும்போது, யாரோ ரூம்ல கூட ஒக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சுன்னு சொன்னா. திரும்பிப் பாத்தா யாரும் இல்லை, ஆனா பயமா இல்லைம்மான்னா. இப்பதான் தாங்க முடியலை. வேற இடம் பாத்துட்டா."

"நித்தி என்னைப் பத்தி..."

"இல்லை," என்றாள் மாலதி. புண்படுத்த வேண்டுமென்று சொன்னதாகத் தெரியவில்லை. "கையெழுத்தை மறந்துடாதீங்க."

அவள் அந்த அறையை விட்டுப் போனால், காற்று அவளோடு போகுமா, அந்த அறையோடு நிற்குமா என்பது எனக்குத் தெரியாது. பாய்க்கும் தெரிந்திருக்காது. நித்திலா இல்லாத ஒரு காலி அறைக்கு நான் ரசம் ஆறவைத்துக்கொண்டிருப்பேனோ என்று நினைத்தபோது, பெட்டி அப்போதும் என் பின்னால் நானூற்றைம்பது வாட்டில் யாருமில்லாத ஒரு வீட்டின் மாடிப்படியை வரைந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே சங்கக் கூட்டம், என் வீட்டில்தான். கத்திரி வெயில் வரப்போகிறது, சங்கச் செலவிலேயே இன்னொரு பெட்டி, இதைவிடப் பெரிய கார்டாகப் போட்டு இதற்குப் பக்கத்திலேயே வைப்பது என்று தணிகாசலம் தீர்மானத்தைப் படித்தார். கை தூக்கப்போனார்கள். நான் எழுந்து சொன்னேன்.

"அந்தப் பக்கம் என் பொண்ணு ரூம் இருக்கு."

தூக்கப்போன கைகள் இறங்கின. யாரும் ஆச்சரியப்படவில்லை.

"எந்தப் பக்கம்?" என்றார் தணிகாசலம்.

"நம்ம சூடெல்லாம் போற பக்கம். இங்க வர்ற குளிர் அவளுடையது. அவளுக்கு ராத்திரி தூக்கம் இல்லை."

"முன்னாடியே சொல்லக்கூடாதாய்யா?" என்று ரெஜினா டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "படிக்கிற புள்ள மூக்குல நாலு நாள் கருவாட்டைக் காட்டியிருக்கேனே!"

"நாங்க பூண்டு உரிச்சோம்," என்றது ஒரு குரல்.

"உங்க பையன் சாக்ஸைக் கழட்டி அது பக்கத்துலயேதானே வச்சான், அதைச் சொல்லுங்க," என்றது இன்னொரு குரல்.

சிரிப்பு வந்தது, அடங்கியது. அடங்கிய பிறகு, முதல் மாடிக்காரர், வேர்க்குருக் குழந்தையின் தாத்தா, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாப்பா ஜன்னலைத் திறந்துக்கலாமே சார். அந்த ஊர்ல காத்துக்கா பஞ்சம்? ஒரு மாசம்தான். கத்திரி முடியட்டும். இந்தக் குழந்தை இப்பத்தான் தூங்குது." அவர் கேட்டதில் தப்பில்லை. குழந்தை என் கட்டிலில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. "வயசுப் பொண்ணு ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கறதா?" என்றார் ஒருவர். "அவங்க ஊர்ல அதெல்லாம் உண்டு," என்றார் வேறொருவர். இரண்டு மணிநேரம் பேசினார்கள். என் மகளுடைய ஜன்னலைப் பற்றி, அவளுடைய தூக்கத்தைப் பற்றி, அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றிக்கூட, எனக்கு இருந்ததைவிட அதிக உரிமையோடு பேசினார்கள். கடைசியில் தணிகாசலம் தீர்மானக் காகிதத்தை மடித்தார்.

"அவரு பொண்ணு. அவரே முடிவு பண்ணட்டும். ஆனா சார், ஒண்ணு சொல்லிடறேன். இது நின்னா, இங்க யாரும் வர மாட்டாங்க. கோவிச்சுக்கிட்டு இல்லை. வெயில்ல யாரு படியேறுவா? நானும் வர மாட்டேன். முட்டி வலி."

"தெரியும்," என்றேன்.

போகும்போது டீச்சர் தன் மாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார். பிறகு வாசலில் நின்று, யோசித்து, திரும்ப வந்து, அதைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். அன்று தம்ளர்கள் பதினெட்டு. கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவற்றிலிருந்து தண்ணீர் வடிவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை பெரிய கார்டைக் கழற்றித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அஃப்சர் பாய் கடைக்குப் போனேன். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தூசே இல்லை, கார்டின் விலாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் மட்டும் இருந்தது, அதைச் சட்டையில் துடைத்தார்.

"கார்டு நல்லாத்தானே கீது சார். இன்னா கொறை?"

"அந்த எழுபது வாட் கார்டு இருக்கா பாய்?"

"கீது. ஆனா உங்க வேலைக்கு அது பத்தாது. ஒரு படம் போட மூணு நாளு எடுக்கும்."

"எடுக்கட்டும். புராசஸரையும் குறைச்சு வைக்கணும். எல்லாம் சேர்த்து மீட்டரில் ஒரே அளவுல நிற்கணும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"எல்லாரும் எவ்ளோ வேகம்னு கேப்பாங்கோ. நீங்க இன்னாடான்னா வாட்டு கேக்கறீங்கோ." பாய் மெலிந்த அட்டையை எடுத்து, வழக்கம்போல என்னிடம் நீட்டினார். காலிக் கேபினட்டுக்குள் வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் நிறைய இடம் இருந்தது. "எவ்ளோல நிக்கணும்?"

ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிற அளவு, நூறு வாட்டில் நிறுத்தச் சொன்னேன்.